குழலின் நீளமும் குறியின் செம்மையும்

கருவியும் கைத்திறமும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. திறமை இல்லாதவழிக் கருவி பயன்படாது. கருவி கைக்கு அமையாதவழித் திறமை வெளிப்படாது. உளியின் காம்பு தச்சன் கைக்கும், ஏரின் மேழி உழவன் உயரத்துக்கும், வில்லின் நீளம் வில்லாளன் தோளுக்கும் ஏற்ப அமைதல் வேண்டுமென்பதை யாவரும் உடன்படுவர். ஆயினும், குறிபார்த்துச் சுடும் ரைபிளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இவ்வுண்மையைப் பலர் மறந்துவிடுகின்றனர். "குழல் எத்துணை நீளம்?" என வினவி, நீண்டது என்னும் விடை கிடைத்தவுடனே அதுவே சிறந்ததென முடிவு கட்டிவிடுகின்றனர். சுடுவோர் எத்துணை உயரமுடையவர், அவர் கை எத்துணைப் பாரந் தாங்கும், எந்நிலையில் இருந்து சுடப்போகின்றார் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. இம்மயக்கத்தால் விளையுங் கேடு சிறிதன்று. அதனை எடுத்துக்காட்டி, குழலின் நீளத்தை எவ்வாறு தேர்தல் தகுமென யான் கருதுவதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுப் பேசப்புகுவது, 0.22 அங்குல விளிம்படித் தோட்டாவை வழங்கும் ரைபிளைப் பற்றியேயாம். தேசிய மாணவர் படையிற் பயின்ற நம் தோழர் பலர் முதன்முதற் கையிலேந்திச் சுட்டது இவ்வினத்து ரைபிளே. இத்தோட்டாவினது உறையின் அடிவிளிம்புக்குள்ளே பற்றுமருந்து வளையமாக இடப்பட்டிருக்கும். ரைபிளின் ஊசி அவ்விளிம்பின் ஒருபுறத்தை நசுக்க, அம்மருந்து பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தை எரிக்கும். விளிம்பில் அடிபட்டு வெடிப்பதாலேயே இஃது அப்பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் வழங்கும் '22 லாங் ரைபிள்' என்னுந் தோட்டா 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. இதன் ஈயக்குண்டு 40 கிரெயின் எடையுடையது. அஃதாவது ஏறத்தாழ 2.6 கிராம். இதனைக்கொண்டு 50 மீட்டர் தொலைவிலுள்ள குறியைச் சுடுதல் உலகப் போட்டிகளுள் ஒன்று. அக்குறியின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டரே, நம் சட்டையிலுள்ள பொத்தானின் அளவு! 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், முழந்தாளிட்டும் படுத்தும் நின்றுஞ் சுடும் 50 மீட்டர் மூவகை நிலைப் போட்டியில், நம் நாட்டவராகிய சுவப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து வெண்கலப் பதக்கம் வென்றது இத்தகைய தோட்டாவைக் கொண்டேயாம்.

இனி, நீண்ட குழலே நன்றென்பார் கூறுங் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற்காரணம், நீண்ட குழல் குண்டுக்கு மிகுந்த வேகந் தரும் என்பது. போர்த்துப்பாக்கிகளுக்கு இக்கூற்றுப் பொருந்தும். இரண்டு உலகப்போர்களிலும் வழங்கிய 303 லீ என்பீல்டு ரைபிளின் தோட்டாவில் மருந்து மிகுதி. 25 அங்குலமுள்ள அதன் குழலின் இறுதிவரையிலும் வெடியாவி குண்டை உந்திக்கொண்டேயிருக்கும். ஆதலாற் குழலைக் குறைத்தால் வேகமுங் குறையும். பட்டாளத்தாரிடமிருந்து இச்செய்தியைக் கேட்டறிந்த மக்கள், எல்லாத் துப்பாக்கிக்கும் இதுவே விதியென நம்பிவிட்டனர். விளிம்படித் தோட்டாவின் இயல்போ வேறு. அதிலுள்ள மருந்து ஏறத்தாழ ஒரு குன்றிமணியின் எடையே. அது விரைவில் எரிந்து முடியும். குழல் 16 அங்குலம் முதல் 20 அங்குலம் வரை இருப்பின், அவ்வளவிலேயே குண்டு தான் பெறத்தக்க வேகத்தைப் பெற்றுவிடும். அதன்மேல் நீளுங் குழல் குண்டை மேலும் விரைவிப்பதில்லை. ஆவியின் உந்தல் குன்ற, உராய்வு மேலோங்கி, வேகத்தைச் சிறிது குறைக்கவுங் கூடும்.

அன்றியும், இவ்விளையாட்டில் வேகத்தை வேண்டுவாரும் இலர். காற்றில் ஒலி செல்லும் விரைவு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். போட்டித் தோட்டா செய்வோர் குண்டின் வேகத்தை அதற்குச் சற்றுக் கீழே, 320 அல்லது 330 மீட்டர் அளவில், வேண்டுமென்றே நிறுத்துகின்றனர். ஒலியை முந்திச் சென்ற குண்டு வழியில் வேகந் தளர்ந்து ஒலியின் அளவுக்கு இறங்கும்போது காற்றினால் அலைப்புண்ணும். பக்கக்காற்றும் அதனை மிகுதியாக ஒதுக்கும். ஆகவே, வேண்டாத வேகத்தைத் தாராத குழலுக்காக நீளத்தை வேண்டுதல் இருமடங்கு பேதைமையாகும்.

இரண்டாங் காரணம், நீண்ட குழல் தன்னியல்பாலேயே குறி தவறாது என்பது. இதுவும் ஆராயுமிடத்து நில்லாது. உட்டுளை முதல் முதல் இறுதிகாறும் ஒழுங்காகத் தேய்த்துச் செம்மை செய்யப்பட்டுள்ளதா, தோட்டா அறை குண்டை நேராக ஏந்துகின்றதா, குழல்வாயின் விளிம்பு எப்புறமும் ஒப்ப வெட்டப்பட்டுள்ளதா, வாங்கிய தோட்டா அக்குழலுக்கு இசைகின்றதா என்பனவே குழலின் சிறப்பை முடிவு செய்வன. குழல்வாயின் ஒருபுறம் சிறிது சிதைந்திருப்பினும், குண்டு நீங்குங் கணத்தில் ஆவி அப்புறமாக முந்திப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். இக்குற்றம் 20 அங்குலக் குழலிலும் உண்டாகலாம். 28 அங்குலக் குழலிலும் உண்டாகலாம்.

நீளத்தால் ஓர் இழப்பும் உண்டு. சுடுங்காற் குழல் மீட்டிய நரம்புபோல் அதிரும். ஒருமுனை இறுகப் பிணிக்கப்பட்டு மறுமுனை வெளியே நீண்டு நிற்கும் கோலின் விறைப்பு, நீளத்தின் முப்படிக்குத் தக்கவாறு குறையும். பருமனின் நாற்படிக்குத் தக்கவாறு கூடும். 20 அங்குலக் குழலை அதே பருமனில் 26 அங்குலமாக்கினால் அதன் விறைப்புப் பாதிக்குங் கீழாக இறங்கும் என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டுப் பார்ப்பின், செம்மையாகச் செய்த குறுங்குழல் நெடுங்குழலுக்கு இளைக்காது. செய்தொழிலின் நேர்த்தியை அளவுகோலால் அளந்தறிய இயலாதன்றோ?

மூன்றாங் காரணம் ஒன்றுண்டு. அது மெய்யான காரணம். கண்ணருகேயுள்ள பிற்குறிக்கும் குழல்நுனியிலுள்ள முற்குறிக்கும் இடையே தொலைவு மிகுந்தால், குறிகளைப் பொருத்துவதில் நேரும் பிழையின் பயன் குறையும். இடைத்தொலைவு 70 சென்டிமீட்டராக, முற்குறி தன் இடத்தினின்று ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு கூறு விலகி நிற்பதாகக் கொள்வோம். 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டர் விலகும். இடைத்தொலைவு 85 சென்டிமீட்டராயின் அதே பிழைக்கு 5.9 மில்லிமீட்டரே விலகும். குறித்தாளில் வளையத்துக்கு வளையம் உள்ள இடைவெளி 8 மில்லிமீட்டராதலின், இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் கூடாது. பழைய போட்டி ரைபிள்கள் நீண்டிருந்தமைக்கு இஃதொரு பெருங்காரணம். அமெரிக்க நாட்டு வின்செஸ்டர் 52 என்பது 28 அங்குலக் குழலும், இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. மார்ட்டினி இன்டர்நேஷனல் என்பது 29 அங்குலக் குழலும் உடையனவாய் இருந்தன. ஜெர்மனியின் ஊல்ம் நகரத்து அன்சூட்ஸ் நிறுவனத்தாரின் புகழ்பெற்ற 1913 என்னும் ரைபிளின் குழல் 69 சென்டிமீட்டர். ஏறத்தாழ 27 அங்குலம்.

ஆனால், குறிகளின் இடைத்தொலைவு வேறு, குழலின் நீளம் வேறு என்பதை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். குறுங்குழலின் வாயில், உட்டுளை அகன்ற இலேசான நீட்டுக்குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் முற்குறியை வைக்கலாம். குண்டு அக்குழாயைத் தீண்டாமலே வெளியேறும். கண்ணுக்கு வேண்டிய தொலைவு கிடைக்கும். கைக்கு வேண்டாத பாரம் வந்து சேராது. இத்தகைய குழாயைப் போட்டியாளர் பலர் இன்று பயன்படுத்துகின்றனர். ஆகவே, நீளத்தின் மெய்யான நன்மையையும் எஃகின் பாரமின்றிப் பெற வழியிருக்கின்றது.

அப்பாரத்தைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் இன்றியமையாதது. இப்பொருளின் உயிர்நிலை அதுவே. 22 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகுக் குழல் ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ 70 கிராம் எடை நிற்கும். 20 அங்குலத்துக்கும் 26 அங்குலத்துக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 420 கிராம். மொத்தம் 8 கிலோ வரையில் எடையிருக்கலாமென விதி இசையும் ரைபிளில் இஃதொரு பொருட்டோ எனச் சிலர் நகைக்கலாம். எடை எத்துணை என்பதோடு அஃது எங்கே நிற்கின்றது என்பதையும் அவர்கள் பார்த்தல் வேண்டும். வெள்ளிக்கோல் கொண்டு நிறுப்பவனைக் கண்டோர், சிறு படிக்கல்லைக் கோலின் நுனிக்கு நகர்த்தியவளவிலே அது பெருமூட்டையைத் தூக்கி நிறுத்துவதைக் கண்டிருப்பர். அவ்வாறே, தாங்குங் கையினின்று அரைமீட்டருக்கு அப்பால் நிற்கும் 420 கிராம், கையருகே நிற்கும் இரண்டு கிலோவினும் மிகுதியாகக் கீழ்நோக்கி இழுக்கும்.

படுத்துச் சுடுவோர்க்கு இவ்விழுப்புப் பெருந்துன்பந் தருவதன்று. முழங்கைகள் இரண்டும் நிலத்தில் ஊன்றியிருக்கின்றன. கைவாரும் பாரத்தைப் பகிர்ந்து ஏற்கின்றது. நின்று சுடும்போதோ கைவார் இல்லை. இடமுழங்கை இடுப்பெலும்பின்மேற் பதிய, முதுகைச் சற்றுப் பின்சாய்த்து, எலும்பின்மேல் எலும்பாகப் பாரத்தை அடுக்கி நிற்றல் வேண்டும். அந்நிலையில் முன்பாரம் மிகுந்தால் முதுகு மேலும் வளையும், தோட்டசை இறுகும், இறுகிய தசை சில விநாடிகளில் நடுங்கும், நடுங்குவதை உணர்ந்தவர் விசையை அவசரமாக இழுப்பர். குறி தவறும். இங்ஙனம் தவறிய குறிக்குக் குழல்வாயைக் காட்டிலும் குழல்நீளமே பொறுப்பாகும்.

முன்பாரத்தால் நன்மையே இல்லையென யான் கூறவில்லை. கழைக்கூத்தன் கயிற்றின்மேல் நடக்கும்போது நீண்ட கழியொன்றை ஏந்துவது அதன் மடிமை அவனை நிலைநிறுத்துவதாலன்றோ? அதுபோல முன்பாரமுள்ள ரைபிள் சிறு அசைவுகளுக்கு இடங்கொடாது அமைந்து நிற்கும். ஆயினும் கழியைத் தாங்கும் வலிமையுள்ள கூத்தனுக்கே கழி துணையாகும். அஃதில்லாத சிறுவனை அக்கழியே கயிற்றினின்று வீழ்த்தும்.

குறுங்குழலின் பக்கத்தில் நிற்போருஞ் சில வேளைகளில் மிகைபடக் கூறுகின்றனர். நீண்ட குழலுக்குள் குண்டு நெடுநேரந் தங்குவதால், அதற்குள் கை அசைந்து குறி கெடும் என்பது அவர் வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 320 மீட்டர் விரையுங் குண்டு, மிகையான 6 அங்குலத்தைக் கடக்க விநாடியின் ஈராயிரத்திலொரு கூறே ஆகின்றது. நம் பார்வை குறித்தாளின்மேல் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் அலைவதாகக் கொண்டாலும், அந்நேரத்தில் அது நகர்வது ஒரு மில்லிமீட்டரின் இருபதிலொரு கூறு, ஒரு மயிரிழையளவு. விசையை இழுத்தபின்னும் ரைபிளை அசையாது பிடித்திருக்கும் பழக்கம் எக்குழலுக்கும் வேண்டுவதே. குறுங்குழலைக் கொள்வார் இக்காரணத்தாற் கொள்ளற்க. கைக்கு அமைதல் என்னும் ஒரு காரணமே அதற்குப் போதியது.

குறுங்குழல் போட்டிக்கு ஆகுமோ என இன்னும் ஐயுறுவார்க்கு ஒரு சான்று காட்டுவேன். குளிர்நாடுகளிற் பனிமேற் சறுக்கியோடி இடையிடையே நின்று சுடும் பையத்லான் என்னும் பந்தயம் நடைபெறுகின்றது. 1978-ஆம் ஆண்டு முதல் அதில் வழங்குவது நாம் பேசும் 22 விளிம்படித் தோட்டாவே. தொலைவும் 50 மீட்டரே. ரைபிளை முதுகிற் சுமந்து ஓடவேண்டியிருத்தலின், அதன் குழல் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் அளவில், அஃதாவது 22 அங்குலத்துக்குட்பட்டதாய், அமைக்கப்படுகின்றது. உறைபனியில், நெஞ்சு படபடக்க ஓடிவந்து, படுத்த நிலையில் 45 மில்லிமீட்டர் வட்டத்தை ஐந்து முறை அடுத்தடுத்து வீழ்த்துகின்றனர் அவ்வீரர். குழல் குறுகியமையால் குறி கெடுமாயின், இது நிகழுமாறு எங்ஙனம்?

இவற்றையெல்லாம் நம் கல்லூரி இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் இவ்வகை ரைபிளை நினைத்தவுடன் வாங்குதலும், பிடிக்காவிடின் மாற்றுதலும் இயலா. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் அதற்குரிய உரிமங்களை வகுத்துள்ளன. விலையும் மாணவர் கைக்கு எட்டுவதன்று. ஒரு கழகமோ கல்லூரியோ ஒருமுறை தேர்ந்தெடுத்த ரைபிளையே பல்லாண்டுகள் பல மாணவரும் மாறிமாறி ஏந்துவர். அவர்களுள் ஆறடி உயரத்தாரும் இருப்பர், ஐந்தடியை எட்டாதாரும் இருப்பர், மாணவரும் இருப்பர், மாணவியரும் இருப்பர். தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் வளர்ந்த ஆடவர். தம் தோளுக்கு எளிதாயிருப்பது எல்லார் தோளுக்கும் எளிதென்று கருதிவிடுகின்றனர். அதன் விளைவைப் பயிற்சிக்களத்தில் யான் கண்டதுண்டு. மெலிந்த உடலுடைய மாணவியொருத்தி படுத்த நிலையிற் செவ்வையாகச் சுட்டாள். நின்ற நிலையில் நெடுங்குழல் ரைபிளைத் தாங்கமாட்டாது கை நடுங்கினாள். "இவளுக்கு இது வாராது" என்று ஒருவர் கூறினார். அவளும் அதனை நம்பி விலகிக்கொண்டாள். அவளுக்கு வாராதது குறியன்று. அரைக் கிலோ எஃகேயாகும். ஒருவர் உடலுக்காகச் செய்த கருவியை மற்றவர் கையிற் கொடுத்து, அதனைத் தாங்காமையைத் திறமையின்மை எனத் தீர்ப்பளிப்பது நீதியாகுமோ?

விவிலியத்தைப் பயின்ற நமக்கு இது புதிய பாடமன்று. கோலியாத்தை எதிர்க்கச் சென்ற தாவீதுக்குச் சவுல் மன்னன் தன் தலைச்சீராவையும் கவசத்தையும் வாளையும் அணிவித்தான். அரசன் அணிகலன்களினும் சிறந்தவை அந்நாட்டில் இருந்திருக்கமாட்டா. ஆயினும் தாவீது அவற்றோடு நடந்து பார்த்து, தனக்குப் பழக்கமில்லாதவை என்று கழற்றி வைத்துவிட்டு, தன் கைக்கு அமைந்த கவணை எடுத்தான். சவுலின் கவசத்தைச் சுமக்கமாட்டாமையைக் கொண்டு தாவீதை மதிப்பிட்டிருப்பின் இஸ்ரவேலர் அன்று என்னாயிருப்பர்? வள்ளுவரும் வலியறிதல் எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை நம் நினைவுக்குரியது.

ஆதலின், பலர் கைமாறி வழங்கும் ரைபிளுக்கு 20 முதல் 22 அங்குலமுள்ள பருத்த குழலே தக்கதென்பது என் துணிபு. அதனோடு நீட்டுக்குழாய் ஒன்றும், வேண்டுமிடத்திற் பொருத்திக் கழற்றத்தக்க சிறு எடைகள் சிலவும், தோளுக்கேற்ப நீட்டிக் குறைக்கத்தக்க கட்டையும் இருத்தல் வேண்டும். உயரமும் வலிமையும் உடையவர் எடையைக் கூட்டிக்கொள்வர், ஏனையோர் கழற்றிவிடுவர். இல்லாத பாரத்தைக் கூட்டுதல் எளிது. இருக்கும் எஃகைக் குறைப்பதோ தேர்ந்த கம்மியர்க்கும் அருந்தொழில். தனக்கென்றே ரைபிள் கொள்பவர், படுத்துச் சுடுதலையே மேற்கொண்டவராயின், 26 அங்குலமோ அதற்கு மேலோ கொள்ளுக. அவரை யான் தடுப்பேனல்லேன். எல்லார்க்கும் அதுவே அளவென்று விதிப்பதையே மறுக்கின்றேன்.

தேர்ந்தெடுக்கும் முறையும் எளியதே. ஆசிரியர் முன்னிலையில், தோட்டா இல்லையெனச் சோதித்தறிந்த ரைபிளை ஏந்தி, நின்ற நிலையிற் குறியை நோக்குக. கண்ணை மூடிச் சிறிது பொறுத்துத் திறந்து பார்க்குக. முற்குறி குறியினருகே நின்றால் அமைதி உண்டு. கீழே தாழ்ந்திருந்தால் முன்பாரம் மிகுதி. இங்ஙனம் பத்து முறை எடுத்தும் இறக்கியும் பார்க்குக. முதன்முறை எவ்வாறிருந்தது என்பதைக் காட்டிலும் பத்தாம் முறை எவ்வாறிருந்தது என்பதையே பொருட்படுத்துக. போட்டியில் ஒரு குண்டோடு பணி முடிவதில்லை. அதன்பின் தோட்டாவிட்டு ஐந்தைந்தாகச் சுட்டு, துளைகள் எத்துணை நெருங்கி விழுகின்றன எனக் காண்க. அப்போதும் ஐயமிருப்பின், உயரங் குறைந்த மாணவர் கையில் அந்த ரைபிளைக் கொடுத்துப் பார்க்குக. அவர்க்கு அமைந்தது பிறர்க்கும் அமையும்.

நம் முன்னாள் மாணவர் பலர் கல்லூரிக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் பெருந்தகைமை உடையர். ஆசிரியர்களும் அவற்றைத் தேர்ந்து வாங்கும் பொறுப்புடையர். இனி ஒருநாள் ரைபிள் வாங்குங் காலம் வருமாயின், விலைப்பட்டியலில் நீளத்தைப் படிப்பதற்குமுன், அதனை ஏந்தப்போகும் மாணவ மாணவியரை வரிசையாக நிறுத்தி ஒருமுறை பார்ப்பார்களாக. அவ்வரிசையின் கடைசியில் நிற்கும் மெலிந்த உருவமும் அக்குறித்தாளின் நடுவளையத்துக்கு உரியதென்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.